ஜான்ஸ் குடும்ப வம்சத் தாள்: 1774-ல் கல்யாணம் கட்டிய ‘வான் நாகெல்’ யார்?

நாவாந்துறை_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மம்மா பறங்கியர், அதாவது ஐரோப்பியக் கலப்பு வழியில் வந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சுன்னாகத்துத் தமிழரைக் கட்டியவர். அவருடைய தகப்பன் ரெயில்வேயில் கிளாக்கர். கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் 1960-களில் அவுஸ்திரேலியா போய்விட்டார்கள், அம்மம்மா மட்டும் இங்கேயே இருந்துவிட்டார்.

அவருடைய பெட்டகத்தில் ஒரு தட்டச்சுத் தாள் கிடைத்தது. கார்பன் பிரதி, நாலாக மடித்தது, மடிப்பில் எழுத்து அழிந்திருக்கிறது. குடும்பப் பெயர் ஜான்ஸ். தாள் இப்படித் தொடங்குகிறது: ஜான் ஜான்ஸ், ஒல்லாந்தில் ஹூர்ன் நகரத்தவர், கம்பெனிச் சேவையில் (டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி) இலங்கை வந்தவர். அவருடைய மகன் ஹென்றிக் ஜான்ஸ், 1774-ல் கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தில் மரியா மக்தலேனா வான் நாகெல் என்பவரை மணந்தார். அதற்குக் கீழே தலைமுறை தலைமுறையாக அம்மம்மாவின் தகப்பன் வரைக்கும் வருகிறது.

மாமா ஒருவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, வான் நாகெல் என்பது ஒல்லாந்தில் பிரபுக் குடும்பம், நாங்கள் அந்த வழி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எப்படிச் சரிபார்ப்பது? உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை இங்கே போட மாட்டேன், மற்றதெல்லாம் கேளுங்கள்.

தோம்புப்பித்தன்:

வாருங்கள் தங்கச்சி. முதல் வேலையாக ஹூர்னையும் பிரபுவையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். வம்சம் தேடுகிறவர் மேலேயிருந்து இறங்கக் கூடாது, கீழேயிருந்து ஏற வேண்டும். அம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையில் இருக்கிறதா? தகப்பனின் பெயர், தொழில், இனம் எல்லாம் அதில் இருக்கும். அவருடைய விவாகப் பதிவை எடுத்தால் அவருக்குத் தகப்பன் யார் என்பது வரும். 1867-ல் வந்த சட்டத்தோடுதான் இலங்கையில் அரசாங்கப் பதிவு ஒழுங்காகத் தொடங்குகிறது. அதுவரைக்கும் கச்சேரியிலேயே (மாவட்ட அரசாங்க அலுவலகம்) ஏறிவிடலாம்.

அதற்கு முன்னே தேவாலயங்கள்தான். ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பறங்கிக் குடும்பங்கள் பல ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளுக்கு மாறிவிட்டன. ஆகவே ஒரே சபையில் தேடிவிட்டு ஆளைக் காணவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

கொழும்பு டச்சுச் சபையின் பதிவேடுகள் 1677-லிருந்து படமெடுக்கப்பட்டு ஃபேமிலிசேர்ச் தளத்தில் கிடக்கின்றன. காசு வேண்டாம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். உங்கள் தாளில் முக்கியமான வரி அந்த 1774 கல்யாணம். அதன் மூலப் பதிவைக் கண்ணால் பார்க்காமல் வான் நாகெலைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேச வேண்டாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டச்சுக் குமாஸ்தா கல்யாணமான பெண்ணையும் அவளுடைய சொந்தப் பெயரிலேயே எழுதுவான். விதவையானாலும் இன்னாருடைய விதவை என்று சேர்த்து எழுதுவானே தவிர, அவளுடைய பெயரை அழிக்க மாட்டான். ஆங்கிலேயன் வந்த பிறகுதான் பெண்கள் எல்லாரும் ‘மிசிஸ் ஜான்ஸ்’ ஆகிப்போனார்கள். அதனால் 19-ஆம் நூற்றாண்டுப் பெண்ணைத் தேடுவதைவிட 18-ஆம் நூற்றாண்டுப் பெண்ணைத் தேடுவது சில வேளை சுகம்.

சும்மாஇரு:

கேட்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். கறுவாவுக்காக வந்து, கோட்டை கட்டி, எங்கள் சனத்தைப் பிடித்து ஊழியம் வாங்கியவன் வம்சத்தைத் தேடிக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? வெள்ளைக்காரன் பரம்பரை என்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா?

நாவாந்துறை_பேத்தி:

அம்மம்மாவின் ஆட்கள் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்டுவது மாமாவின் வேலை.

மட்டுநகர்_மீன்பாடல்:

@சும்மாஇரு, மட்டக்களப்புக்கு வந்து தாண்டவன்வெளியில் ஒரு தச்சுப் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே உளி பிடித்திருப்பவரும் பறங்கியர்தான். எங்கள் வீட்டில் பாட்டிமார் பேசியது போர்த்துக்கேயக் கிரியோல், சபை கத்தோலிக்கம். குடும்பப் பெயர்களில் பாதி டச்சு, பாதி போர்த்துக்கேயம். டச்சுக்காரர் 1638-லேயே எங்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் வீட்டுப் பேச்சை அவர்களால் மாற்ற முடியவில்லை. சிப்பாய்கள் கட்டியது ஏற்கனவே இங்கிருந்த போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பத்துப் பெண்களை. பிள்ளைகள் தாயின் பாஷையைப் பேசினார்கள்.

எங்களுக்குத் தட்டச்சுத் தாளும் கிடையாது. 2004 சுனாமியில் டச்பார் பக்கம் வீடுகளோடு ஆட்களும் போனார்கள், கடதாசியும் போனது. கோயில் ஞானஸ்நானப் புத்தகம்தான் மிச்சம். தாள் கையில் இருக்கிற நீங்கள் கொடுத்துவைத்தவர், தங்கச்சி.

மெல்பன்_மாமா:

அந்தத் தாளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். நானும் அப்படி ஒரு தாளோடு வந்திறங்கியவன்.

1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்த எங்கள் சனத்துக்கு இனி இங்கே வழியில்லை என்று தெரிந்துபோனது. போக இடம் அவுஸ்திரேலியா. ஆனால் அங்கே அப்போது வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கை. கலப்புக் குடும்பம் என்றால் முக்கால் பங்கு ஐரோப்பிய ரத்தம் என்று காட்ட வேண்டும், பார்க்கவும் அப்படி இருக்க வேண்டும். வம்சாவளி அப்போது குடும்பப் பெருமை என்பதைத் தாண்டி விசாவுக்குக் காட்டும் கடதாசி ஆகிவிட்டது. கொழும்பில் 1908-ல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் ஒன்றியத்தின் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சாகியிருந்தது. அதிலிருந்து தங்கள் கிளையைப் பிரதி எடுத்து, கீழே இரண்டு மூன்று தலைமுறையைத் தட்டச்சில் சேர்த்து, ஒப்பம் வாங்கி அனுப்புவார்கள். கார்பன் பிரதி என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது, மூலம் கன்பராவில் ஏதாவது கோப்புக்குள் இருக்கும்.

எங்கள் வீட்டுத் தாளில் அப்பாவின் பாட்டி இல்லை. அவர் மாத்தறைச் சிங்களப் பெண். தாளில் அந்த இடத்தில் ‘மணமானவர்’ என்று மட்டும் போட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அதற்காக அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன், ஐந்து பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய மனிதர்.

தோம்புப்பித்தன்:

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒன்றியத்தைத் தொடங்கிய ஆர். ஜி. அந்தோனிஸ் என்பவர்தான் அரசாங்கத்தின் முதல் சுவடிக் காப்பாளரும். டச்சு ஏடுகளை அவரைப்போலப் படித்தவர் அப்போது குறைவு. ஆகவே சஞ்சிகையில் வந்தவை கைக்கு வந்தபடி எழுதியவை அல்ல, மூலத்தைப் பார்த்து எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றியத்தில் சேர ஆண்வழி முக்கியம். கம்பெனி காலத்தில் வந்த ஐரோப்பியன் ஒருவனிடமிருந்து அப்பன் மகன் என்று கோடு இறங்க வேண்டும். மரம் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் வளர்ந்தது. வம்சாவளியில் பெண்கள் ஏன் மெலிந்து கிடக்கிறார்கள் என்றால் காரணம் அது.

@சும்மாஇரு, டச்சுப் பெயர் இருந்தால் டச்சுக்காரன் என்று நினைத்தால் ஒண்டாச்சி குடும்பத்தைப் பாருங்கள். தஞ்சாவூர் வைத்தியர் ஒருவர் 1659-ல் கொழும்புக்கு வந்து தேசாதிபதியின் மனைவிக்கு வைத்தியம் பார்த்து அங்கேயே தங்கினார் என்பது அவர்களின் குடும்ப வரலாறு. அந்த வழியில் 1758-ல் கொழும்பில் பிறந்த குவின்ட் ஒண்டாச்சி, உட்ரெக்ட் நகரத்துக்குப் படிக்கப் போய் அங்கே அரசுக்கு எதிரான தேசபக்தர் கட்சிக்குத் தலைவர்களில் ஒருவராக நின்றார். பெயரை எழுதுகிற எழுத்து டச்சு, மூலம் காவிரிக்கரை.

சும்மாஇரு:

தஞ்சாவூர்க்காரன் ஒல்லாந்தில் போய்க் கலகம் செய்தானா? இது நல்லாயிருக்கே. சரி, நான் ஒரு மூலையில் இருந்து பார்க்கிறேன்.

நாவாந்துறை_பேத்தி:

1774 பதிவைக் கண்டுபிடித்துவிட்டேன்! படங்களுக்கு ஒழுங்கான அட்டவணை இல்லாததால் ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த எழுத்து முதலில் கோழி கிண்டினது மாதிரித்தான் தெரிந்தது, ஆனால் ஒரே குமாஸ்தா எழுதியதால் சில பக்கம் போனதும் கண் பழகிவிட்டது.

பார்த்ததை, டச்சு எழுத்துகளின் ஒலியைத் தமிழில் போட்டு, அப்படியே சொல்கிறேன். ஜான்ஸ் என்பது டச்சு உச்சரிப்பில் யான்ஸ். ‘ஹென்றிக் யான்ஸ், வான் ஜாப்பனப்’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி, அதற்கு மேலே சின்னதாக ஒரு ‘ம்’. அடுத்து ‘யொங்மன்’ (மணமாகாத ஆண்) என்பதன் சுருக்கம். பிறகு ‘மெற்’ (உடன்). அதற்குப் பிறகு பெண்: ‘மரியா மக்தலேனா, வான் நாகப்’, அதே இரண்டு புள்ளி, மேலே அதே சின்ன ‘ம்’. ‘ப்’ என்ற எழுத்தின் கால் கீழே நீளமாக இறங்கி மை படிந்திருக்கிறது. அவசரத்தில் பார்த்தால் ‘ல்’ மாதிரி இருக்கும். பெண்ணுக்குத் தகப்பன் பெயர் இல்லை.

இது நான் நினைக்கிறதுதானா?

பழவேற்காடன்:

நாகப்பட்டினம்! ஐயோ, நம்ம ஊருங்க. ‘வான்’ என்றால் டச்சில் ‘இன்ன ஊரிலிருந்து’. ஹென்றிக் ‘யாழ்ப்பாணத்தவர்’, மரியா ‘நாகப்பட்டினத்தவர்’. இரண்டு ஊர்ப் பெயரையும் ஒரே மாதிரி சுருக்கியிருக்கிறார் குமாஸ்தா. மாப்பிள்ளை பக்கத்தில் அது ஊர் என்றால் பெண் பக்கத்திலும் ஊர்தானே. பிரபுக் குடும்பம் போச்சு, உங்க மாமாவுக்கு யார் சொல்வது?

நாவாந்துறை_பேத்தி:

மாமாவுக்குச் சொல்வது அம்மா. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மெல்பன்_மாமா:

தாளைத் தட்டச்சு செய்தவர் வேண்டுமென்றே மாற்றினாரா, சரியாகப் படிக்கத் தெரியாமல் எழுதினாரா?

தோம்புப்பித்தன்:

இரண்டும் நடந்திருக்கலாம் மாமா. மை படிந்த ‘ப்’ ஒரு பக்கம். மறுபக்கம், நாகப்பட்டினத்துப் பெண் என்று எழுதினால் கன்பராவில் என்ன கேள்வி வரும் என்று தெரிந்த மனிதர். கண் எதைப் பார்க்க விரும்புகிறதோ அதைத்தான் பார்க்கும். ஹென்றிக் பக்கத்தில் ‘ஜாப்பனப்’ என்பதை யாழ்ப்பாணம் என்று படிக்கக் கூடிய ஒருவர் அடுத்த வரியில் தடுமாறியது கொஞ்சம் இடிக்கிறது என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

இப்போது முக்கியமான விஷயம். ஐரோப்பியக் குடும்பத்துப் பெண் என்றால் பெயர், தகப்பன் பெயர் அல்லது குடும்பப் பெயர், அதன் பிறகு ஊர் என்று வரும். முதல் பெயரும் ஊரும் மட்டும் வந்தால், அது அநேகமாக அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர், அல்லது உள்ளூர்க் குடும்பத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் இதே கம்பெனி நடத்திய கேப் டவுன் ஏடுகளிலும் இதே வழக்கம். அங்கே 1657-ல் போய்ச் சேர்ந்த அடிமைப் பெண் ‘அஞ்சலா வான் பெங்காலே’, வங்காளத்து அஞ்சலா, பிறகு விடுதலையாகி 1669-ல் ஒரு டச்சுக்காரரைக் கட்டினார். பாசோன் என்ற ஆப்பிரிக்கானர் (தென்னாப்பிரிக்க டச்சு வழியினர்) குடும்பத்துக்கு மூதாய் அவர்.

பழவேற்காடன்:

நாகப்பட்டினத்து நிலவரம் சொல்றேன், மூணு வழியும் திறந்துதான் இருக்கு.

1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரங்க நாகையைப் பிடிச்சாங்க. 1690 வாக்கில் சோழமண்டலக் கரைக்குத் தலைமையிடத்தையே எங்க பழவேற்காட்டிலிருந்து அங்க மாத்திட்டாங்க. போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பங்கள் அங்க ஏற்கனவே நிறைய, மரியா அதில் ஒருத்தியா இருக்கலாம். ஆனா அந்தக் குடும்பங்களுக்கு டி ரொசாரியோ, டி குரூஸ் மாதிரி ஒரு பெயர் வழக்கமா இருக்கும். ரெண்டாவது, உள்ளூர்த் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். மூணாவது அடிமை வியாபாரம். அதைப் பத்தி நம்ம பக்கம் யாரும் பேசறதில்ல. 1659-லிருந்து 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தப்போ கம்பெனி ஆயிரக்கணக்கான ஜனங்களை நாகையிலிருந்து கப்பல் ஏத்திச்சு. இலங்கைக்கும் போனாங்க, பட்டாவியாவுக்கும் (இன்னைக்கு ஜகார்த்தா) போனாங்க. பஞ்சம் வந்தா விலை இறங்கும், கப்பல் நிறையும். மரியா காலம் அதுக்கு நூறு வருஷம் பிந்தினது, அதனால அந்தக் கப்பலோட நேரா முடிச்சுப் போட முடியாது. ஆனா அந்தப் பழக்கம் அப்போவும் நின்னுபோகலை.

1781-ல் ஆங்கிலேயர் நாகையைப் பிடிச்சிட்டாங்க, அதனால அங்க உள்ளூர்ப் பதிவு எதையும் அதுக்கு முன்னாடிதான் தேடணும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல டச்சு ஏடு இருக்குன்னு யாராவது சொன்னா உடனே ரயில் ஏறிடாதீங்க, அதுல பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. பழவேற்காட்டுக் கல்லறைக்கு வேணா வாங்க. வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டைக் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க, பசங்க பயந்துக்கிட்டே போட்டோ எடுத்துப்பாங்க. கல்லு வெச்சவங்க எல்லாம் வசதியான ஆளுங்க. மரியாவுக்கு யாரும் கல்லு வெச்சிருக்க மாட்டாங்க.

தோம்புப்பித்தன்:

யாழ்ப்பாணத்துக் கல்லும் அப்படியே. கோட்டைக்குள் 1706-ல் கட்டிய சிலுவைத் தேவாலயம் 1990 முற்றுகையோடு இடிந்து போனது. உள்ளே தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு 1913-ல் ஜே. பி. லூயிஸ் அச்சிட்ட கல்வெட்டுப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும். அதில் இருப்பவர்களும் பெரும்பாலும் அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும்தான்.

இனித் தகப்பனுக்கு வருவோம். தாளில் ‘ஜான் ஜான்ஸ்’ என்று இருப்பதை நான் நம்பவில்லை. யான்ஸ் என்றால் யானின் மகன். எங்களுடைய முதலெழுத்து மாதிரித்தான் இது, தகப்பன் பெயர் மகனோடு ஒட்டுகிறது. ஹென்றிக் யான்ஸுக்குத் தகப்பன் யான், அது நிச்சயம். அந்த யானுக்கும் யான்ஸ் என்று பெயர் இருந்திருக்க வேண்டியதில்லை. ஹென்றிக்கோடுதான் அந்தப் பெயர் உறைந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும். பிற்காலத்தில் தாளை எழுதியவர் குடும்பப் பெயரைப் பின்னோக்கித் தகப்பனுக்கும் மாட்டிவிட்டார்.

ஆகவே கப்பல் சம்பள ஏட்டில் ‘யான் யான்ஸ்’ என்று தேடாதீர்கள். கந்தசாமியை யாழ்ப்பாணத்தில் தேடுகிற கதையாகிவிடும்.

நாவாந்துறை_பேத்தி:

ஏற்கனவே தேடிவிட்டேன் அண்ணை. பக்கம் பக்கமாக வந்தது. அதில் ஹூர்ன்காரர்களும் பலர், யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது?

கப்பல் சம்பள ஏடு என்றால் என்ன என்று மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுங்கள்.

தோம்புப்பித்தன்:

கம்பெனிக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பள ஏடு. ஏறிய ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு பக்கம். பெயர், எந்த ஊர், என்ன வேலை, எந்தக் கப்பல், என்றைக்குப் புறப்பட்டது, ஊரில் மனைவிக்கோ தாய்க்கோ சம்பளத்தில் பங்கு எழுதிவைத்தாரா, சேவை எப்படி முடிந்தது எல்லாம் இருக்கும். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர். பெரும்பாலும் 1699-லிருந்து 1794 வரையான ஏடுகள், ஏறக்குறைய 7,74,000 பதிவுகள். ஹேக் நகரத்துத் தேசியக் காப்பகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

ஒரு பொறி இருக்கிறது. கம்பெனிக்கு ஆறு பிரிவு: அம்ஸ்டர்டாம், சீலந்து, டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்கௌசன். ஹூர்ன் பிரிவின் கப்பலில் வந்தவன் ஹூர்ன்காரன் என்று அர்த்தமில்லை. கம்பெனிச் சிப்பாய்களில் ஜெர்மன் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். வேலை தேடித் துறைமுகத்துக்கு நடந்து வந்து கப்பல் ஏறியவர்கள். உங்கள் தாளில் இருக்கும் ‘ஹூர்ன்’ ஊரா, பிரிவா என்பதும் பார்க்க வேண்டியது.

யானின் முழுப் பெயரைப் பிடிக்க வழி பேரப்பிள்ளைகளிடம் இருக்கிறது. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர், பெண்பிள்ளைகளுக்குப் பாட்டிமார் பெயர். எல்லாரும் அச்சொட்டாகப் பின்பற்றியதில்லை, ஆனாலும் பெரிய உதவி. 1774-க்குப் பிறகு வுல்வெண்டால் ஞானஸ்நானப் பதிவில் ஹென்றிக் பிள்ளைகளைத் தேடுங்கள். சாட்சிகளாக நிற்பவர்களையும் விடாமல் எழுதுங்கள், அநேகமாக உறவுக்காரர்தான் நிற்பார்கள்.

குருதிக்கணக்கு:

இவ்வளவு பாடு எதற்கு? எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் டிஎன்ஏ பரிசோதனை சொல்லிவிடாதா?

மெல்பன்_மாமா:

என் மருமகள் செய்து பார்த்தாள். தென்னாசியா பெரும்பகுதி, ஐரோப்பா கொஞ்சம், ஒல்லாந்து என்று தனியாக ஒன்றுமே இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை.

குருதிக்கணக்கு:

ஹாஹா. அதற்குக் கணக்கு இருக்கிறது. இழை தொடங்கியவருக்கு யான் ஒன்பது தலைமுறை மேலே. அந்தப் படியில் ஒருவருக்கு 512 முன்னோர். சராசரி பார்த்தால் ஒருவரிடமிருந்து வருவது 0.2 சதவீதம், ஒன்றுமே வராமலும் போகலாம். மரியாவுக்கும் தாய்வழிப் பரிசோதனை உதவாது, ஏனென்றால் அது தாய், மகள், மகள் என்று அறாமல் வர வேண்டும், இங்கே நடுவில் ஆண்கள் வந்துவிட்டார்கள். ஹென்றிக்கின் ஆண்வழி வாரிசு யாராவது மெல்பனில் இருந்தால் அவருடைய தந்தைவழிப் பரிசோதனை யானைப் பற்றி ஏதாவது சொல்லும். சரி, நீங்கள் ஏட்டையே புரட்டுங்கள்.

இழைக்காவலர்:

டிஎன்ஏ பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். உறவினர் பரிசோதனை முடிவுகளை அவர்கள் அனுமதி இல்லாமல் பதிவிட வேண்டாம்.

நாவாந்துறை_பேத்தி:

ஞானஸ்நானங்கள் கிடைத்துவிட்டன. ஹென்றிக்கைக் கம்பெனிப் பீரங்கிப் படையில் இருந்தவர் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது.

1776-ல் ஒரு பெண்பிள்ளை, பெயர் தொமிங்கா. தாய் ‘மரியா மக்தலேனா’ என்று மட்டும், இந்த முறை ஊரும் இல்லை. சாட்சிகளில் ஒருத்தியின் பெயரும் தொமிங்கா, அவளுக்கும் குடும்பப் பெயர் இல்லை. 1778-ல் ஆண்பிள்ளை. பெயர் யான் கோன்ராட்! எங்கள் கோடு இவரிடமிருந்துதான் இறங்குகிறது. தாளில் அவரை வெறும் ‘ஜான்’ என்று போட்டிருக்கிறார்கள், கோன்ராட்டைக் காணவில்லை.

அண்ணை சொன்ன ஒழுங்குப்படி பார்த்தால் ஹென்றிக்கின் தகப்பன் யான் கோன்ராட் ஏதோ ஒருவர் என்று எடுக்கலாமா? தொமிங்கா பாட்டி பெயரா?

மட்டுநகர்_மீன்பாடல்:

தொமிங்கா எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருந்த பெயர், ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் வைப்பார்கள். டச்சு வீட்டில் அந்தப் பெயர் வந்தால் பெண் பக்கத்தில் போர்த்துக்கேயம் பேசியிருக்கிறார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். சாட்சி நின்ற தொமிங்கா மரியாவின் தாயோ, சிறிய தாயோ. அப்படியானால் மரியா தனியாகக் கப்பலேறி வந்தவள் இல்லை, ஆட்களோடு இருந்திருக்கிறாள்.

தோம்புப்பித்தன்:

மீன்பாடல் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தாயின் எசமானி வீட்டுப் பெண் சாட்சி நிற்பதும் உண்டு, ஆனால் எசமானிக்குக் குடும்பப் பெயர் இருந்திருக்கும், இந்த தொமிங்காவுக்கு இல்லை. ஆகவே மரியாவைப் போன்ற நிலையில் இருந்த இன்னொரு பெண் என்று மட்டும் இப்போதைக்கு எழுதிவையுங்கள். உறவு என்று எழுத வேண்டாம். மரியா விடுவிக்கப்பட்டவர் என்றால் நொத்தாரிசு முன் எழுதிய விடுதலைப் பத்திரம் இருக்கலாம், அல்லது எசமானின் மரண சாசனத்தில் ஒரு வரி. அது கொழும்பு ஏழில் உள்ள சுவடிகள் காப்பகத்தில், டச்சு ஏடுகளுக்குள் தேட வேண்டியது. அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்த சபையின் ஏடுகளில் மரண சாசனம், வீட்டுச் சாமான் பட்டியல், ஏலக் கணக்கு எல்லாம் வரும். அடிமைகளைச் சாமான் பட்டியலில்தான் எழுதினார்கள், கரண்டிக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில். படிக்கும்போது மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

யான் கோன்ராட் விஷயத்தில் நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். யான் யான்ஸ் மாதிரி இல்லை, இந்தச் சோடிப் பெயர் எண்ணிவிடக்கூடியது. ஹென்றிக் 1750 வாக்கில் பிறந்திருந்தால் யான் கோன்ராட் 1730-க்கும் 1750-க்கும் இடையில் கப்பல் ஏறியிருப்பார். அந்த இருபது வருடத்தை மட்டும் பாருங்கள். யான் என்பதை ஜெர்மன்காரன் என்றால் யோஹான் என்றும் எழுதியிருப்பார்கள், கோன்ராட்டில் முதலெழுத்தும் (C, K) மாறும். எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள்.

நாவாந்துறை_பேத்தி:

பார்த்தேன். யோஹான் கோன்ராட் என்று பலர், ஆனால் இலங்கையில் சேவை முடிந்தவர்கள் என்று வடித்தால் கைவிரலுக்குள் அடங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் ஜெர்மன் துறைமுகமான எம்டனைச் சேர்ந்தவர், சிப்பாய், கப்பல் ஹூர்ன் பிரிவினுடையது! இலங்கையில் இறந்ததாகக் குறிப்பு. குடும்பப் பெயரை இன்னும் உறுதியில்லாததால் போடவில்லை.

எம்டன் என்றதும் அம்மா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் குழப்படி செய்கிற பிள்ளையை ‘இது ஒரு எம்டன்’ என்றுதான் பேசுவார்கள்.

பழவேற்காடன்:

1914-ல் சென்னைத் துறைமுகத்துல குண்டு போட்ட கப்பலுக்கு அந்த ஊர்ப் பெயர்தான் வெச்சிருந்தாங்க. உங்க முப்பாட்டன் முன்னாடியே வந்துட்டார் போல.

சும்மாஇரு:

மூலையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆக ஒல்லாந்துப் பிரபு வம்சம் என்று தொடங்கி, ஜெர்மன் சிப்பாயும் நாகப்பட்டினத்துப் பெண்ணும் என்று வந்து நிற்கிறது. இதைச் சட்டம் போட்டு மாட்டினால் நானே ஆணி வாங்கித் தருகிறேன்.

தோம்புப்பித்தன்:

ஆணி இப்போது வேண்டாம். எம்டன்காரர் பொருந்துகிறார், ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்று காட்ட வேண்டும். அதற்கு ஆளணிப் பட்டியல் இருக்கிறது. கம்பெனி வருடாவருடம் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்த சேவகர் எல்லாரையும் பெயர், சொந்த ஊர், வந்த கப்பல், வந்த வருடம், வேலை என்று எழுதி அனுப்பியது. எம்டன்காரரின் கப்பல் பெயரும் வருடமும் இப்போது உங்கள் கையில் இருப்பதால் யாழ்ப்பாணப் பட்டியலில் அதே கப்பலைத் தேடினால் போதும். பெயரை எப்படிக் கெடுத்து எழுதியிருந்தாலும் கப்பல் காட்டிக்கொடுக்கும்.

1774-ஐ ஒட்டிய கொழும்புப் பட்டியலில் ஹென்றிக்கையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கேயே படையில் சேர்ந்தவர் என்றால் கப்பல் பெயர் இருக்காது, அதுவே அவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்கு இரண்டாவது சாட்சி.

இன்னொரு வாசலும் இப்போது திறந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து ஒல்லாந்துக்குப் போன கம்பெனிக் கடிதங்களில் ஏறக்குறைய 50 லட்சம் பக்கத்தைக் கணினியை வைத்தே படிக்கவைத்து, குளோபலைஸ் என்ற திட்டத்தில் தேடக் கூடியதாக இணையத்தில் விட்டிருக்கிறார்கள். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். ‘ஜாப்பனபட்னம்’ என்பதையும் எம்டன்காரரின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

நாவாந்துறை_பேத்தி:

மிக்க நன்றி அண்ணை. மரியாவின் விடுதலைப் பத்திரத்துக்குக் கொழும்புக்குத்தான் வர வேண்டும் போல. காப்பகத்தில் வாசகர் அட்டை எடுக்கக் கடிதம் ஏதும் வேண்டுமா? எனக்கு டச்சு வராது, உதவிக்கு ஆள் கிடைப்பாரா?

தோம்புப்பித்தன்:

அடையாள அட்டையையும், என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பையும் கொண்டு வாருங்கள், வருவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டச்சுக்கு நான் இருக்கிறேன், காலையில் வந்தால் மத்தியானத்துக்குள் அட்டவணையைப் பார்த்து எந்த ஏடுகளைக் கேட்பது என்று தீர்மானித்துவிடலாம். அதற்கு முன் அந்த இரண்டு ஞானஸ்நானப் பக்கங்களின் பட எண்ணை எனக்குத் தனிமடலில் போடுங்கள். தொமிங்காவின் பெயருக்குப் பக்கத்தில் சுருக்கமாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், ‘சுதந்திரமானவள்’ என்பதை அவர்கள் இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார்கள்.